விதியென்று விட்டுவிடலாமா? மருத்துவமனைத் தவறும் நஷ்ட ஈடும்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள். கோலாலம்பூரில் ஓர் அரசாங்க கிளினிக்கில் ஆயா வேலை பார்த்து வந்த சீன மாது ஒருவருக்குக் கணுக்காலில் புண். வேலை பார்க்கும் இடத்திலேயே டாக்டர் இருக்கும்போது வேறெங்கே போவது? அவரிடமே காட்டினார். டாக்டர் பார்த்துவிட்டுப் பென்சிலின் ஊசி எழுதினார். ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள் அந்த மாது இறந்துவிட்டார்.

பென்சிலின் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. முன்பு ஒரு முறை அந்த மருந்தால் அவர் அவதிப்பட்டபோதே, அவருடைய நோயாளி அட்டையில் 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று எச்சரிக்கை எழுதி வைத்திருந்தார்கள். ஊசி எழுதிய டாக்டர் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. "முன்னே இந்த ஊசி போட்டு ஏதாவது செய்ததா?" என்று வாய் திறந்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்பதுதான் அவர் சொன்ன சமாதானம்.

இறந்தவரின் தாயார் மலேசிய அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்றார். கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றார். அந்த நாளில் நம் நாட்டு வழக்குகளுக்கு முடிவான இடம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கேயும் போனார். 1967-ல் பிரிவி கவுன்சில் தாயாரின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்த மருந்து. கேட்டுத் தெரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் போதும். அதைக்கூடச் செய்யாதது கவனக்குறைவே என்பது அதன் சாரம். சட்டம் படிப்பவர்கள் இதைச் 'சின் கியோ வழக்கு' என்று இன்றும் படிக்கிறார்கள்.

ஓர் ஆயாவின் தாய், ஒரு நாட்டின் அரசாங்கத்தை எதிர்த்து, கடல் கடந்து போய் ஜெயித்த கதை இது. நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் என்ன பேசுகிறோம்? "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்." "டாக்டர் படித்தவர், அவரைப் போய் நாம் என்ன கேட்க முடியும்?" "செத்தவன் திரும்பியா வரப்போகிறான்?" பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. கேட்டிருக்க வேண்டிய நஷ்ட ஈடு கேட்கப்படாமலே காலாவதியாகிப் போகிறது. காலாவதி என்று சும்மா சொல்லவில்லை. அதற்குச் சட்டத்தில் நாள் கணக்கே இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அட்டை எங்கே போயிற்று?

தோட்டத்தில் நாம் இருந்த காலத்தில் டிரசருக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும். யாருக்கு எந்த மாத்திரை போட்டால் தடிப்பு வரும், எந்தப் பெண் முதல் பிரசவத்தில் கஷ்டப்பட்டாள், எந்தக் கிழவருக்கு நெஞ்சு சரியில்லை என்பதெல்லாம் அவர் மனத்திலும் இருக்கும், தோட்டத்து மருந்தகப் பேரேட்டிலும் இருக்கும். தோட்டத்து மருத்துவ உதவியாளர்கள் இன்னின்ன தகுதியோடு பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அந்த டிரசர்கள் எல்லாருமே தங்கமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள்! ஆனாலும் நம்மைப் பற்றி எழுதி வைத்த தாள் ஓரிடத்தில் இருந்தது.

பிறகு கிந்தா வட்டாரத்திலும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கங்களிலும் ரப்பர் மரங்கள் சாய்ந்தன. சில தோட்டங்கள் செம்பனையாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் புந்தோங்குக்கும், ஈப்போவைச் சுற்றியுள்ள மலிவு விலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. இன்று ஒரே ஆள் காய்ச்சலுக்கு ஒரு தனியார் கிளினிக், சர்க்கரைக்கு அரசாங்க கிளினிக், கை ஒடிந்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, கொஞ்சம் காசு சேர்ந்தால் தனியார் மருத்துவமனை என்று நாலு இடம் போகிறார். நாலு இடத்திலும் நாலு அட்டை. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது.

ஆகவே நம்மைப் பற்றிய தாளை இனி நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னோ பிளாஸ்டிக் உறையோ போதும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எப்போது, எங்கே என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள். ஊசி போடுமுன் தாதியிடம் காட்டுங்கள். வாயில்லாமல் மயங்கிக் கிடப்பவருக்காக அந்தத் தாள் பேசும்.

எது தவறு, எது தவறல்ல

வைத்தியம் பார்த்தும் ஒருவர் குணமாகவில்லை, அல்லது இறந்துவிட்டார் என்பதற்காக மட்டும் நஷ்ட ஈடு கிடைத்துவிடாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். டாக்டர் கடவுளல்ல. முறையாகப் பார்த்தும் கைவிட்டுப்போன நோயாளிகள் உண்டு. வழக்குப் போடுகிறவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். டாக்டரோ மருத்துவமனையோ நம்மைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றிருந்தது. அந்தப் பொறுப்பில் தவறியது. அந்தத் தவறினால்தான் இந்தக் கேடு விளைந்தது. மூன்றாவதுதான் எப்போதும் இழுபறி. "அவருக்கு ஏற்கனவே சர்க்கரை, ஏற்கனவே இருதயக் கோளாறு, எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதம் பல சமயம் ஜெயிக்கவும் செய்யும்.

டாக்டர் தவறினாரா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பது? 1957-ல் இங்கிலாந்தில் வந்த 'போலம்' தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்தது. அதே துறையில் பொறுப்புள்ள மற்ற டாக்டர்கள் ஒப்புக்கொள்ளும் முறையில் செய்திருந்தால் அது தவறல்ல என்பதே அது. சுருக்கமாகச் சொன்னால் டாக்டருக்கு டாக்டரே சாட்சி. இது நோயாளிக்குக் கடினமான அளவுகோல் என்பது என் எண்ணம். பிரட்டுக் களத்தில் தண்டலின் மீது புகார் சொன்னால், இன்னொரு தண்டலைக் கூப்பிட்டு "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பதுபோலத்தான்! ஆனாலும் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் இன்னமும் இதுவே நம் நாட்டு அளவுகோல் என்று கூட்டரசு நீதிமன்றம் 2017-ல் உறுதிப்படுத்தியது. ஆகையால் நமக்காகச் சாட்சி சொல்ல ஒரு நிபுணர் டாக்டர் கிடைக்கிறாரா என்பதே பல வழக்குகளின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

சில தவறுகள் அவ்வளவு சிக்கலானவை அல்ல. சாலை விபத்தில் அடிபட்ட ஒருவரின் காலுக்குச் சுற்றிலும் முழு மாவுக்கட்டுப் போட்டார்கள். உள்ளே இரத்த ஓட்டம் தடைப்பட்டது. கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்படி முழுக்கட்டுப் போட்டது கவனக்குறைவு என்று நம் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 1982-ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் வெளிவந்திருக்கிறது. கட்டுப் போட்ட பிறகு விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி பொறுக்க முடியாமல் போனாலோ "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். அன்றைக்கே திரும்பிப் போங்கள். போன நேரத்தையும் குறித்து வையுங்கள்.

கையெழுத்து வாங்கினால் போதுமா?

1982 ஜூலையில் ஒரு கார் மரத்தில் மோதியது. அதில் பயணம் செய்த பெண்ணுக்குக் கழுத்தெலும்பு விலகிவிட்டது. பெட்டாலிங் ஜெயா அசுந்தா மருத்துவமனையில் சேர்த்தார்கள். கழுத்தில் கம்பி வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் கை கால் விளங்காமல் போயிற்று. வைத்த கம்பி முதுகுத் தண்டு நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது அறுவையும் நடந்தது. பயனில்லை. அவருடைய வாழ்க்கை சக்கர நாற்காலியிலேயே நின்றது.

உயர் நீதிமன்றத்தில் அவர் வென்றார். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2006 டிசம்பர் 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் மறுபடியும் அவருக்கே தீர்ப்பளித்தது. விபத்து நடந்து 24 ஆண்டுகள்! அந்த ஆண்டு பிறந்த பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் கட்டியிருக்கும்.

'ஃபூ ஃபியோ நா வழக்கு' எனப்படும் இந்த வழக்கு நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய உரிமையைக் கொடுத்திருக்கிறது. சிகிச்சையில் உள்ள ஆபத்தை நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மற்ற டாக்டர்களின் வழக்கத்தை வைத்து அளக்கக்கூடாது. அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எது முக்கியமாகப் படுமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். இந்த எண்ணம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே சிறு வயதிலேயே ஒரு கண் பழுதான பெண், அந்தக் கண்ணுக்கு அறுவை செய்துகொள்ளப் போய், நன்றாக இருந்த மறு கண்ணின் பார்வையையும் இழந்தார். அப்படி நடக்கும் வாய்ப்பு 14,000-த்தில் ஒன்றுதான். இருந்தாலும் நல்ல கண்ணைப் பற்றி அந்தப் பெண் கவலைப்பட்டுப் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்; அப்படிப்பட்டவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று 1992-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அறுவைக்கு முன் ஒரு பாரத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. பாட்டி கைநாட்டு வைக்கிறார். அந்தக் கைநாட்டுக்குப் பயந்து "நாமே சம்மதித்துவிட்டோமே, இனி என்ன பேசுவது?" என்று பலர் அடங்கிப்போகிறார்கள். சம்மதம் கொடுத்தது அறுவை செய்யத்தான், கவனக்குறைவாகச் செய்ய அல்ல. விளக்காமல் வாங்கிய கையெழுத்து, டாக்டர் விளக்கினார் என்பதற்கு முழுச் சாட்சியாகவும் ஆகிவிடாது. புரியவில்லையென்றால் தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கூப்பிடச் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அந்த ஆஸ்திரேலியப் பெண் கேட்டதுதான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

யார் கொடுக்க வேண்டும்?

அரசாங்க மருத்துவமனையென்றால் டாக்டரோடு சேர்த்து மலேசிய அரசாங்கத்தின் மீதும் வழக்குப் போட வேண்டும். ஊழியரின் தவறுக்கு எசமான் பொறுப்பு. தனியார் மருத்துவமனையில்தான் வெகு காலம் சிக்கல் இருந்தது. "டாக்டர் எங்கள் சம்பளக்காரர் அல்ல, இங்கே இடம் எடுத்துத் தொழில் செய்கிறார், அவரிடமே கேளுங்கள்" என்று மருத்துவமனைகள் கைகழுவின. பெயர்ப்பலகை அவர்களுடையது, பில்லும் அவர்களுடையது, பொறுப்பு மட்டும் அவர்களுடையது அல்லவாம்! 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. தொண்டை அறுவைக்குப் பின் இரத்தம் கசிந்து, பூச்சோங்கில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட இளம் மாது ஒருவர் 2010-ல் மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்த வழக்கு அது. நோயாளியைக் கவனிக்கும் கடமையைத் தனியார் மருத்துவமனை இன்னொருவர் தலையில் தள்ளிவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

கெடு ஓடிக்கொண்டிருக்கிறது

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அரசாங்க மருத்துவமனை, அரசாங்க கிளினிக் மீது வழக்கென்றால் கெடு 36 மாதம். பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948 என்ற பழைய சட்டம் இப்படி வைத்திருக்கிறது. 2025 மார்ச் 10-ல் தவறு நடந்திருந்தால் 2028 மார்ச் 10 வருவதற்கு முன்பே வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனை, தனியார் டாக்டர் என்றால் தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டு. ஆள் இறந்துபோய், அவரை நம்பி வாழ்ந்தவர்கள் கேட்கும் நஷ்ட ஈடு என்றால் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

ஏழை எளியவர்கள் போவது அரசாங்க மருத்துவமனைக்கு. அங்கேதான் கெடு குறைவு. காசுள்ளவர் போகும் இடத்திற்கு 6 ஆண்டு, நாம் போகும் இடத்திற்கு அதில் பாதி. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு பொறி. மருத்துவமனை இயக்குநருக்குப் புகார்க் கடிதம் போட்டுவிட்டு, "விசாரிக்கிறோம்" என்று வந்த பதிலை நம்பி ஒரு வருஷம், இரண்டு வருஷம் காத்திருப்பார்கள். கடிதம் போட்டதால் கெடு நின்றுவிடாது. சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்தாலும் நிற்காது. பிள்ளைக்குக் கேடு நடந்திருந்தால் அவன் வயதுக்கு வந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அரசாங்க மருத்துவமனை விஷயத்தில் அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 36 மாதத்திற்குள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

போகும்போது கையில் என்ன கொண்டுபோவது? முதலில் மருத்துவமனையில் எழுத்து மூலம் மருத்துவ அறிக்கை கேட்டு, அதற்குரிய கட்டணத்தைக் கட்டி வாங்குங்கள். முழுப் பதிவேட்டின் நகலைத் தர மறுத்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே நீதிமன்ற உத்தரவு கேட்டு வாங்கவும் வழியுண்டு. மருந்துச் சீட்டு, மீந்த மாத்திரை உறை, பில், கிளினிக் அட்டை எதையும் எறியாதீர்கள். நடந்ததை நடந்த வாரத்திலேயே ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையை விட்டு எழுதச் சொன்னால் போதும். நாலு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் நின்று நினைவிலிருந்து பேசுவதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

எவ்வளவு கிடைக்கும்?

பத்திரிகையில் பத்து லட்சம், இருபது லட்சம் என்று படித்துவிட்டு ஆசைப்படுவது வேறு. நீதிமன்றம் போடும் கணக்கு வேறு. வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. கைக்காசு செலவானதற்கு ரசீது காட்டிய அளவு. இனிமேல் ஆகப்போகும் வைத்தியம், தாதி, சக்கர நாற்காலி, படுக்கை ஆகியவற்றுக்கு ஒரு கணக்கு. இழந்த வருமானத்திற்கு இன்னொரு கணக்கு. பிரசவத்தில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வழக்குகளில் தொகை பெரிதாக வருவதற்குக் காரணம், அந்தக் குழந்தை வாழும் காலமெல்லாம் ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருப்பதுதான். மகனைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் தாயின் உழைப்புக்கும் கேட்கலாம். "அம்மாதானே பார்க்கிறாள், அதற்கென்ன காசு?" என்று நாமே அதை விட்டுவிடக்கூடாது.

வருமானக் கணக்கில்தான் நம் மக்கள் அடிபடுகிறார்கள். கேடு நடந்தபோது சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று காட்ட வேண்டும். பால்வெட்டுச் சம்பளத்திற்குச் சீட்டு இருக்கும். காலையில் வெட்டு, மாலையில் மாடு, ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டுக் குத்தகை என்று வருவதற்கு எந்தச் சீட்டு? இ.பி.எப். கணக்கு, சொக்சோ சந்தா, வங்கிப் புத்தகம், பால் வாங்கிய கடைக்காரரின் கணக்கு நோட்டு என எது கிடைத்தாலும் சேர்த்து வைக்க வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வருமான இழப்புக்கான வயது வரம்பு 55-லிருந்து 60 ஆக உயர்ந்தது. அந்த வயதைத் தாண்டியும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர்! அவர்களுக்கு வருமானக் கணக்கில் இடமில்லை. வலிக்கும் செலவுக்கும் மட்டும் கேட்கலாம்.

இறந்தவரின் துக்கத்திற்கென்று சட்டம் கொடுக்கும் தொகை அதே திருத்தத்தில் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாயிற்று. கணவனுக்கோ மனைவிக்கோ அது போகும். இறந்தது கல்யாணமாகாத சிறு பிள்ளையென்றால் பெற்றோருக்கு. அண்ணன் தம்பிகளுக்கு அதில் பங்கில்லை. கோவிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்ற கல்யாணங்கள் இங்கே பெரிய தகராறாக முடியும். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவாக வேண்டும் என்பது சட்டம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் கிராணி எழுதிய மூன்றாவது பெயர் என்று இருப்பவர்கள் வழக்கு வரும்வரை காத்திராமல் இப்போதே பதிவிலாகாவுக்குப் போய் வாருங்கள்.

வழக்கு ஒருபுறம் இருக்க, மறந்துவிடும் ஒரு வழியும் உண்டு. சொக்சோவின் முடநிலைத் திட்டம் யாருடைய தவறு என்று கேட்பதில்லை. எந்தக் காரணத்தால் வேலை செய்ய முடியாமல் போனாலும், சந்தா நிபந்தனை பூர்த்தியாகி, மருத்துவக் குழுவும் ஒப்புக்கொண்டால் மாத ஓய்வூதியம் உண்டு. டாக்டர்மீது வழக்கு நடக்கும்போதே இதற்கும் மனுச் செய்யலாம்.

ஜெயித்தால் பாதிக்குப் பாதி?

"கேஸ் செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஜெயித்தால் ஆளுக்குப் பாதி" என்று வார்டு வாசலிலேயே வந்து நிற்கும் தரகர்களை ஈப்போவாசிகள் அறிவார்கள். வழக்கறிஞர் நஷ்ட ஈட்டில் பங்கு பேசிக்கொள்வதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. அப்படிப் பேசுகிறவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் நம் தலையில் விழக்கூடும் என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 10 லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகளை செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். அதற்கு மேலென்றால் உயர் நீதிமன்றம். பேராக்கில் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உயர் நீதிமன்றம் இருக்கிறது. கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை.

வசதியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவிலும், பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் போய் விசாரிக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சாதாரண மக்களின் புகார்களைக் கேட்டு வருகிறது. தமிழிலும் பேசலாம், எழுதலாம். டாக்டரின் நடத்தையைப் பற்றி மலேசிய மருத்துவ மன்றத்திற்குப் புகார் அனுப்பினால் அவரைக் கண்டிக்கவோ, தொழிலிலிருந்து நிறுத்தவோ அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு காசு நஷ்ட ஈடு அங்கே கிடைக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கெட்டுப்போன பிரிட்ஜுக்கும் தைத்த சட்டைக்கும் போவதுபோலப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போகலாமா? முடியாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையை விலக்கி வைத்திருக்கிறது. இந்தியாவில் வேறு மாதிரி. காசு கொடுத்துப் பெறும் வைத்தியமும் பயனீட்டாளர் சட்டத்திற்குள் அடங்கும் என்று 1995-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூசிலாந்திலோ 1974 முதல் யார் குற்றம் என்று நிரூபிக்காமலே ஈடு கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நமக்கு அது புதிதென்றும் சொல்ல முடியாது. 2021-ல் கோவிட் தடுப்பூசியால் கடும் பாதிப்பு அடைந்தவர்களுக்கு நம் அரசாங்கமே, டாக்டரின் தவறைக் காட்டச் சொல்லாமல், நிரந்தர முடத்திற்கும் மரணத்திற்கும் 5 லட்சம் வெள்ளி வரை என்று அறிவித்தது. ஊசி விஷயத்தில் முடிந்தது மற்ற வைத்தியத்தில் ஏன் முடியாது என்று நம் பிரதிநிதிகளைக் கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது கேட்க நல்ல கேள்விதான்.

பல வழக்குகள் தீர்ப்பு வரை போவதில்லை. நடுவிலேயே சமரசமாக முடிகின்றன. சமரசப் பத்திரத்தில் 'இதோடு முழுத் தீர்வு' என்ற வாசகம் இருக்கும். கையெழுத்துப் போட்டபின் மறுபடி அறுவை தேவைப்பட்டாலும் திரும்பக் கேட்க முடியாது. எனவே அவசரத்தில், அதுவும் சவ ஊர்வலச் செலவுக்குக் காசில்லாத நேரத்தில், மருத்துவமனை நீட்டும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். பாதிக்கப்பட்டது 18 வயதாகாத பிள்ளையென்றால் அந்தச் சமரசத்தை நீதிமன்றமே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பங்கை அமானா ராயாவிலோ வங்கி வைப்பிலோ போடும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது பிள்ளையின் வைத்தியத்திற்கும் படிப்புக்கும் இடையில் பணம் வேண்டுமானால் காரணம் காட்டி, ரசீதோடு கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சித்தப்பாவின் கடையை விரிவாக்கவோ, அக்காவின் கல்யாணத்திற்கோ அதில் கை வைக்க முடியாது.